பட்டமளிப்பு நாள் விருந்து: சென்னையில் குடும்பத்தோடு சாப்பிட ஓட்டல் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்க ஊரிலிருந்து குடும்பமே சென்னைக்குக் கிளம்பும்போது, அன்றைய விருந்தைப் பற்றிய பேச்சு "எங்கே பிரியாணி நல்லா இருக்கும்?" என்றுதான் ஆரம்பிக்கும். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் நேரம், அடுத்து இடம், பிறகு உட்காரும் வசதி, அதற்குப் பிறகு சாப்பாடு. இந்த வரிசையில் முடிவெடுத்தால் சாதாரண ஓட்டலிலும் நல்ல விருந்து அமையும். சாப்பாட்டிலிருந்து தொடங்கினால் பேர்பெற்ற ஓட்டல் வாசலில் ஒரு மணி நேரம் காத்து நின்று, மாத்திரை போட வேண்டிய தாத்தா பசியில் சோர்ந்து, கடைசியில் ரயிலுக்கு ஓடுவதில் முடியும்.

8 முதல் 20 பேர் வரையுள்ள குடும்பத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். அளவுகள் 12 பேருக்கானவை.

முதல் முடிவு: எத்தனை மணிக்கு?

அழைப்பிதழில் இருக்கும் நேரத்தை நம்பி டேபிள் சொல்லக் கூடாது. பட்டம் வாங்குபவர் ஒன்றரை மணி நேரமாவது முன்னதாகப் போய்ப் பதிவு செய்து, அங்கி வாங்கி, வரிசை எண்படி உட்கார வேண்டியிருக்கும். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் அத்தனையும் தள்ளிப்போகும். ஒவ்வொருவராகப் பெயர் வாசித்து மேடையில் பட்டம் கொடுக்கும் கல்லூரியில் 600 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 10 விநாடி என்றாலும் அதற்கே 1 மணி 40 நிமிடம் ஆகும்.

விழா முடிந்த பிறகுதான் உண்மையான தாமதம் தொடங்குகிறது. அங்கியைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்க ஒரு வரிசை. நண்பர்களோடு படம், பேராசிரியரோடு படம், துறை வாசலில் அம்மா அப்பாவோடு படம். இதில் எதையும் அவசரப்படுத்தாதீர்கள். அன்றைக்கு வந்ததே அதற்காகத்தான். விழா முடியும் என்று சொல்லப்பட்ட நேரத்தோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு முடியும் என்றால் 7.30-க்கு டேபிள்.

இரவு 7 மணி முதல் 7.30-க்குள் உட்கார்ந்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது. சனி, ஞாயிறுகளில் 8 முதல் 9.30 வரை சென்னை ஓட்டல்களில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அதற்கு முன்னால் போனால் டேபிள் சேர்த்துப் போட இடம் இருக்கும், சமையல்கட்டு நெரிசலில்லாமல் இருக்கும், மட்டன் பிரியாணியும் மீன் வறுவலும் தீர்ந்திருக்காது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடும் பெரியவர்களுக்கு 8 மணிக்குள் சாப்பாடு இறங்கிவிடும்.

காலை விழாவாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திட்டமிடுவது இயல்பாகத் தோன்றும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இலைச் சாப்பாடு பெரும்பாலான ஓட்டல்களில் 11.30-லிருந்து 3.30 வரைதான். ஒரு மணிக்கு விழா முடிந்தால், மேலே சொன்ன கணக்குப்படி நீங்கள் ஓட்டலுக்குள் நுழையும்போது மூன்றரை ஆகியிருக்கும். சாம்பார் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். 12 மணிக்கு முன்னால் முடியும் விழாவுக்கு மட்டும் மதிய விருந்து வையுங்கள். மற்ற நாட்களில் மதியத்துக்குத் தயிர் சாதமோ எலுமிச்சை சாதமோ பொட்டலமாக வாங்கி, வளாகத்து மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, இரவில் விருந்து வைப்பதே சரி. ஊரிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து வந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எந்தச் சாப்பாட்டையும் விடப் பெரியது.

இரவு என்றால் பல சைவ ஓட்டல்களில் டிபன்தான் கிடைக்கும், முழுச் சாப்பாடு கிடைக்காது. சோறு இல்லாமல் சாப்பிட்டதாகவே நினைக்காத பெரியவர் கூட வந்தால் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் இரவிலும் இருக்குமா என்று போனில் கேட்டுவிட்டால் போதும்.

இரண்டாவது: எந்தப் பக்கம்?

விழா நடக்கும் இடம் ஒரு முனை. ராத்திரி எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம் மறு முனை. ஓட்டல் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும், அல்லது மறு முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் எவ்வளவு நல்ல ஓட்டல் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தென்மாவட்டங்களுக்கு அரசு விரைவுப் பேருந்தில் திரும்புகிறவர்கள் கிளாம்பாக்கம் போக வேண்டும். 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட அந்த நிலையம் கிண்டியிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வார இறுதி இரவில் ஜிஎஸ்டி சாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அவர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் விருந்து வைத்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருப்பார்கள். குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் பாருங்கள். கோவைப் பக்கம் போகிறவர்களுக்குச் சென்ட்ரல், மதுரை, திருச்சிப் பக்கத்துக்கு எழும்பூர் என்பது பழைய பழக்கம். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்துக்கு மாற்றப்படுகின்றன. டிக்கெட்டில் ஏறும் நிலையம் எது என்று பார்த்த பிறகே ஓட்டலை முடிவு செய்யுங்கள்.

கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் விழா என்றால் சர்தார் படேல் சாலை வழியாக அடையாறு பக்கத்தில் இருக்கிறது. சைவமும் அசைவமும் அங்கே போதுமான அளவு உண்டு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் என்றால் திருவல்லிக்கேணியும் அண்ணா சாலையும் கைக்கெட்டும் தூரம். 1948 முதல் சாம்பார் இட்லிக்குப் பேர்போன ரத்னா கஃபே, 1951-ல் தொடங்கிய புகாரி ஆகியவை இந்தப் பக்கம்தான். காட்டாங்குளத்தூர், வண்டலூர், கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து "சென்னைக்கு வந்துட்டு தி.நகர்ல சாப்பிடாமலா" என்று கிளம்புவது தவறு. போக வர மூன்று மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். அதிலும் தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களில் தி.நகரின் பெயரையே எடுக்காதீர்கள்.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைகளால் நகரத்துச் சாலைகள் பலவற்றில் வழி மாற்றி விட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் 4 கிலோமீட்டர் என்று காட்டுவதை நம்பாமல், விழாவுக்கு முந்தைய வாரம் அதே கிழமை, அதே மணிக்குச் செல்பேசி வரைபடத்தில் எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: யார் யார் வருகிறார்கள்?

தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள். படி ஏற முடியுமா, சைவமா அசைவமா, மருத்துவர் எதையாவது கூடாது என்று சொல்லியிருக்கிறாரா. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இது இல்லாமல்தான் பெரும்பாலான விருந்துகள் கெடுகின்றன.

அன்றைய தேதியையும் நாள்காட்டியில் பாருங்கள். புரட்டாசி மாதமா, வெள்ளிக்கிழமையா, அமாவாசையா, கிருத்திகையா, சஷ்டியா, யாராவது ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்களா? மற்ற நாளில் அசைவம் சாப்பிடும் குடும்பத்தில் பாதிப் பேர் அன்றைக்குச் சைவமாக இருப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை மாலை சைவ ஓட்டல்களில் இடம் கிடைப்பதே அரிது என்பதால் அன்றைக்கு நேரத்தை இன்னும் அரை மணி முன்னால் தள்ளுங்கள். ரமலான் மாதமானால், நோன்பிருக்கும் நண்பர் கூட வந்தால், நோன்பு திறக்கும் நேரத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுத்த சைவமான பாட்டி இருக்கும் குடும்பம் அசைவ ஓட்டலுக்குப் போகலாமா? பாட்டியிடமே கேளுங்கள், ஆனால் தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னிலையில் கேட்டால் "எனக்கென்னப்பா, நீங்க சாப்பிடுங்க, நான் ஒரு பால் குடிச்சுக்கிறேன்" என்றுதான் சொல்வார். சொன்னபடியே பால் மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பொரிப்பதற்கு ஒரே எண்ணெய்ச் சட்டியா, கரண்டி தனியா என்று ஓட்டலில் கேட்டு, தெளிவான பதில் வராவிட்டால் அன்றைக்குச் சைவ ஓட்டலே சரி. பட்டம் வாங்கிய பிள்ளைக்குப் பிரியாணி ஆசை என்றால் மறுநாள் நண்பர்களோடு போகட்டும்.

நான்காவது: எந்த மாதிரி ஓட்டல்?

சென்னையில் குடும்ப விருந்துக்கு ஏற்றவை நான்கு வகை. உயர்தர சைவ ஓட்டலில் தலைக்கு 300 முதல் 450 ரூபாய் வரை ஒதுக்குங்கள். செட்டிநாடு, கொங்கு, பிரியாணி என்று பெயர்பெற்ற நடுத்தர அசைவ ஓட்டலில் 500 முதல் 800. மேசையிலேயே அடுப்பு வைத்துச் சுட்டுத் தரும் பஃபே ஓட்டலில் 900 முதல் 1,300. நட்சத்திர ஓட்டலில் 2,000-க்கு மேல். இவை பட்ஜெட் போடுவதற்கான தோராயக் கணக்கு. வாரநாளா வார இறுதியா என்பதைப் பொறுத்து மாறும்.

பஃபேயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். இளைஞர்கள் அதிகமாக இருக்கும் குடும்பத்துக்கு அது நல்ல தேர்வு. தலைக்கு இவ்வளவு என்று முன்பே தெரிந்துவிடும், குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். 60 வயதுக்கு மேல் மூன்று நான்கு பேர் இருந்தால் வேண்டாம். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பெரியவர்கள் பலரும் விரும்புவதில்லை. ஆளுக்கு 1,100 ரூபாய் கொடுத்து இரண்டு நானும் கொஞ்சம் தயிர் சாதமும் சாப்பிட்டு எழுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் எழுந்து போவதால் 12 பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரமே பத்து நிமிடம்தான்.

நட்சத்திர ஓட்டல் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பட்டம் வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் விரும்புகிறார்கள். அப்பா அம்மாவை நல்ல இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை அது. மதிக்க வேண்டிய ஆசை. ஆனால் தமிழ்நாட்டில் பட்டம் வாங்குகிறவர்களில் ஏராளமானோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நான்கு வருஷம் கல்விக் கடனுக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் கணக்குப் பார்த்த அப்பாவின் கையில் ஆங்கில மெனுவைக் கொடுத்தால், அவர் கண் வலது பக்கத்து விலையில்தான் நிற்கும். மெல்லிய வெளிச்சம், பரிமாற வருபவரின் ஆங்கிலம், முள்கரண்டி, கத்தி, கை கழுவ எங்கே போவது என்று தெரியாத நிலை. இந்த இடத்தில் அம்மா நிம்மதியாகக் கையால் பிசைந்து சாப்பிடுவாரா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சாப்பிடமாட்டார் என்று தோன்றினால் அந்த ஓட்டல் வேண்டாம். வெளிச்சமாக, தமிழில் பேசிப் பரிமாறுகிற, ஹாலுக்குள்ளேயே வாஷ் பேசின் இருக்கிற ஏசி ஓட்டல் அவர்களுக்கு ஆயிரம் மடங்கு மேல். நட்சத்திர ஓட்டல்தான் என்று உறுதியாக இருந்தால், தென்னிந்தியச் சமையலுக்கென்றே தனி உணவகம் வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள். மெனுவை முன்பே வாங்கி ஆர்டரை முடிவு செய்துவிடுங்கள். மேசையில் யாருக்கும் விலைப்பட்டியல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பார் உள்ள ஓட்டலா என்பதையும் கேளுங்கள். குடும்பப் பகுதி தனித் தளத்தில் இருந்தால் பரவாயில்லை. ஒரே ஹால் என்றால் வார இறுதி இரவில் சத்தம் அதிகமாக இருக்கும்.

20 பேருக்கு மேல் போனால் மட்டும் பார்ட்டி ஹாலைப் பற்றி யோசியுங்கள். அவற்றில் குறைந்தபட்சம் 25, 30 தட்டுக்குக் காசு கட்ட வேண்டும் என்ற விதி இருக்கும். முகூர்த்த நாளில் கிடைக்காது. 12 பேருக்கு அதை எடுத்தால் வெற்று நாற்காலிக்குப் பணம் கொடுப்பீர்கள்.

ஐந்தாவது: நேரில் பார்த்து, பேசி, உறுதி செய்வது

சென்னையிலேயே இருக்கும் பிள்ளையோ நண்பரோ ஒருமுறை நேரில் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பார்க்க வேண்டியவை இவை.

படி: பல ஓட்டல்களில் தரைத்தளம் சாதாரண ஹால், ஏசி ஹால் மாடியில். லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா?

கழிப்பறை: அதே தளத்தில் இருக்கிறதா, மேற்கத்திய வகை உண்டா, தரை வழுக்குகிறதா? முட்டி வலி உள்ளவர்கள் கழிப்பறை எங்கே என்று தெரியாவிட்டால் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பார்கள்.

மேசை: நான்கு பேர் மேசை மூன்றைச் சேர்த்துப் போட்டால் 12 பேர். தரையோடு பொருத்திய சோபா மேசைகளைச் சேர்க்க முடியாது, உள்பக்கம் உட்கார்ந்த பெரியவர் எழ வேண்டுமென்றால் மூன்று பேர் எழ வேண்டும். அசையும் நாற்காலி உள்ள பகுதியாகக் கேளுங்கள்.

சத்தம்: தலைக்கு மேல் ஸ்பீக்கரோ பக்கத்தில் டிவியோ இருந்தால் வேறு மூலையைக் கேளுங்கள். காது மந்தமானவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

வண்டி: வேலே பார்க்கிங் உண்டா, எத்தனை கார் நிற்கும்? வேனில் வருகிறீர்கள் என்றால் ஓட்டுநர் எங்கே நிறுத்துவார், அவர் எங்கே சாப்பிடுவார் என்பதும் உங்கள் பொறுப்பு.

மேனேஜரிடம் பேச நல்ல நேரம் மாலை 3.30-லிருந்து 6 வரை. மதியக் கூட்டத்தில் போன் செய்தால் எதற்கும் "ஆமாம் சார், வாங்க சார்" என்றுதான் பதில் வரும், எழுதிவைக்கமாட்டார்கள். பேசும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்:

"வணக்கம் சார். வர்ற சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு 12 பேர் வர்றோம். அதுல ரெண்டு பேர் பெரியவங்க, படி ஏற முடியாது. ஒரு சின்னக் குழந்தை. டேபிள் சேர்த்துப் போட்டுத் தருவீங்களா? எவ்வளவு நேரம் வெச்சிருப்பீங்க? சர்வீஸ் சார்ஜ் போடுவீங்களா? கேக் கொண்டு வரலாமா? உங்க பேர் என்ன சார்? இதையே வாட்ஸ்அப்ல அனுப்புறேன், ஒரு ஓகே மட்டும் போட்டுடுங்க."

அந்த ஓகே ரொம்ப முக்கியம். நீங்கள் பேசிய மேனேஜர் அன்றைக்கு விடுப்பில் இருந்தால், வாசலில் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். டேபிளை எத்தனை நிமிடம் வைத்திருப்பார்கள் என்பதும் அவசியம்; பொதுவாக 15 நிமிடம்தான், அதற்கு மேல் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். விழாவுக்கு முந்தைய நாள் ஒருமுறை, அன்று மாலை 5 மணிக்கு ஒருமுறை போன் செய்து நினைவூட்டுங்கள்.

நடுத்தர சைவ ஓட்டல்கள் சில டேபிளை முன்பதிவே செய்யமாட்டார்கள். அங்கே வழி வேறு. விழா அரங்குக்குள் பல கல்லூரிகளில் ஒரு பட்டதாரிக்கு இரண்டு பேரைத்தான் அனுமதிக்கிறார்கள். அனுமதிச்சீட்டு இல்லாத சித்தப்பா, மாமா இருவரை 45 நிமிடம் முன்னதாக ஓட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். ஹாலைக் கவனிக்கும் கேப்டனிடம் சொல்லி, ஒரு டேபிள் காலியாகும்போது உட்கார்ந்து சூப் சொல்லிவிட்டு, பக்கத்து டேபிள்கள் காலியாகக் காலியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆப் மூலம் புக் செய்தால் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அந்த ஆப் வழியாகவே பணம் கட்டினால்தான் தள்ளுபடி என்பதையும், 8, 10 பேருக்கு மேற்பட்ட குழுவுக்கு அது பொருந்துமா என்பதையும் விதிகளில் படியுங்கள். ஆப்பில் புக் செய்தாலும் நேரடியாகப் போனில் பேசாமல் விடாதீர்கள். 12 பேர் என்று ஆப் சொல்லும், படி ஏற முடியாது என்று அது சொல்லாது.

ஆறாவது: பில் எவ்வளவு வரும்?

சாப்பாடு 9,000 ரூபாய்க்கு என்று வையுங்கள். தனி ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 450 ரூபாய்; மொத்தம் 9,450. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் தங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம்: 1,620 ரூபாய், மொத்தம் 10,620. நட்சத்திர ஓட்டலில் மெனு விலையைப் பார்த்து மட்டும் பட்ஜெட் போட்டவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சர்வீஸ் சார்ஜ் அரசு வரி கிடையாது. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் விருந்து முடிந்த நேரத்தில் கல்லாவில் நின்று வாதாடுவது அந்த நாளுக்கு அழகில்லை. அதனால்தான் போனிலேயே கேட்கச் சொன்னோம். பரிமாறியவருக்கு நேராகக் கையில் டிப்ஸ் கொடுங்கள். 12 பேர் மேசையை இரண்டு மணி நேரம் கவனிப்பது கடினமான வேலை.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். சின்ன ஓட்டல், புதிய ஓட்டல் என்றால் முன்னோட்டமாகக் காபி குடித்த அன்றே பில்லில் பார்த்துவிடலாம்.

பணம் யார் கட்டுவது என்பதை மேசையில் முடிவு செய்யாதீர்கள். "நான்தான் கொடுப்பேன்" என்று தாய்மாமாவும் பெரியப்பாவும் பில்லை இழுப்பது அன்பில்தான், ஆனால் அப்பா சங்கடப்படுவார். யார் கட்டப்போகிறாரோ அவர் உள்ளே நுழைந்ததும் கேப்டனைத் தனியாகப் பார்த்து, "பில்லை டேபிளுக்குக் கொண்டுவர வேண்டாம், நானே கவுண்டருக்கு வர்றேன்" என்று சொல்லி 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

ஏழாவது: ஆர்டர் செய்வது

12 பேரும் 12 விதமாகச் சொன்னால் ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது இன்னொருவருக்கு அப்போதுதான் தட்டு வரும். தோசைக்கல்லில் ஒரே சமயத்தில் நான்கு முதல் ஆறு தோசைதான் விழும்; ரவா தோசை மொறுகுவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். தந்தூரி 20, 25 நிமிடம். ஆகவே ஒரே ஒருவர் ஆர்டர் கொடுக்கட்டும். நல்ல பசியுள்ள, எல்லோர் ருசியும் தெரிந்த சித்தி போன்ற ஒருவர். சுற்றுக்கு மூன்று வகைக்கு மேல் வேண்டாம்.

உட்கார்ந்ததும் முதல் வார்த்தை பெரியவர்களுக்கும் குழந்தைக்கும்: "நாலு இட்லி, ரெண்டு இடியாப்பம் உடனே கொடுங்க." அவை தயாராகவே இருக்கும், இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். மற்றவர்கள் நிதானமாக யோசிக்கலாம்.

அசைவ ஓட்டலில் 12 பேருக்கான முதல் சுற்று: சூப் ஒன் பை டூவாக 6, வறுவல் வகை 5 தட்டு, பரோட்டாவும் நானும் சேர்த்து 18, கிரேவி 4. இதைச் சாப்பிட்ட பிறகு இரண்டாம் சுற்றில் பிரியாணி 5 அல்லது 6, கடைசியில் தயிர் சாதம் 3. இப்படிப் பகிர்ந்தால் ஒரு பிரியாணி இரண்டு பேருக்குப் போதும். முதலிலேயே ஆளுக்கொரு பிரியாணி சொன்னால் பாதிக்கு மேல் மிஞ்சும். பிரியாணி 9 மணிக்குள் தீர்ந்துவிடும் ஓட்டலானால், முதல் சுற்றின்போதே "6 பிரியாணி எடுத்து வெச்சிடுங்க, அப்புறம் பரிமாறலாம்" என்று சொல்லிவையுங்கள். மீன் வகைகளை மாலை 5 மணிப் போனிலேயே சொல்வது நல்லது.

சைவ ஓட்டலில் இட்லி அல்லது இடியாப்பத்தில் தொடங்கி, ஆளுக்கொரு தோசை, பிறகு நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ள சப்பாத்தி, பன்னீர் வகை என்று போகலாம். இனிப்பை முதலிலேயே கேளுங்கள். நம் வழக்கப்படி நல்ல நாளில் முதலில் இனிப்புதான். ஒரு தட்டு கேசரியோ பாதாம் அல்வாவோ நடுவில் வைத்து, பாட்டி கையால் பிள்ளைக்கு ஊட்டட்டும்.

உட்காரும் வரிசையையும் யோசியுங்கள். நீளமான மேசையில் பட்டதாரி ஓரத்தில் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவருடன் பேசவே முடியாது. நீளவாக்கின் நடுவில் அவர், இருபக்கமும் தாத்தா பாட்டி, எதிரே அப்பா அம்மா. சர்வர் நின்று பரிமாறும் ஓரத்தில் குழந்தை வேண்டாம். தலைக்கு மேலாகச் சூடான சாம்பார் வாளி போகும்.

கேக் வெட்டுவதாக இருந்தால் 1 கிலோ 12 பேருக்குத் தாராளம். சைவக் குடும்பத்தில் முட்டையில்லாதது. ஓட்டல் பிரிட்ஜில் வைக்க இடம் கேட்டுவைக்க வேண்டும். பொறி பறக்கும் மெழுகுவர்த்தியை ஏசி ஹாலில் அனுமதிக்கமாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டினால் யாராலும் சாப்பிட முடியாமல் பெட்டியோடு திரும்பும். உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த உடனே, தட்டுகள் வருவதற்கு முன் வெட்டிவிடுங்கள்.

கிளம்பும் நேரம்

ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டியவர் இருந்தால், அவர் எழ வேண்டிய நேரத்துக்கு 30 நிமிடம் முன்னதாகப் பார்சலைச் சொல்லுங்கள். தயிர் சாதமும் இட்லிப் பொடி தடவிய இட்லியும் இரவுப் பயணத்துக்குத் தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. பில் கேட்கும்போதே வாடகைக் காரையும் அழையுங்கள். மழை பெய்தாலோ வார இறுதியாக இருந்தாலோ 10 மணிக்கு மேல் கார் கிடைக்கத் தாமதமாகும். மெட்ரோ ரயில் இரவு 11 மணியளவில் நின்றுவிடும். முதல் காரில் பெரியவர்களும் குழந்தையும், கூடவே அறையின் சாவி வைத்திருப்பவரும்.

பட்டச் சான்றிதழை விருந்துக்குக் கொண்டுவராமல், வழியில் அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு வருவது நல்லது. கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் உறையோடு ஒருவர் மடியில் இருக்கட்டும், அவர் அதை வேறு யாரிடமும் மாற்றிக் கொடுக்க வேண்டாம். தொலைந்தால் நகல் வாங்க, காவல்துறையில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெற்று, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். எல்லோரும் எழுந்த பிறகு ஒருவர் மட்டும் பின்தங்கி, நாற்காலிகளின் மேலும் மேசையின் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்: உறை, மாலை, பாட்டியின் கண்ணாடிக் கூடு, மாத்திரைப் பை, செல்பேசி சார்ஜர்.